நாய் இன்னும் உங்களை நம்பவில்லையா? தெருவிலிருந்து வந்த நாய்க்கு அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ நாட்டு நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குட்டியிலிருந்தே லாப்ரடாரோ ராஜபாளையமோ வளர்ப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் மனிதர்களிடம் சோறும் கல்லடியும் மாறி மாறி வாங்கி வளர்ந்த நாய்க்குச் சில கணக்குகள் வேறு. வெளிநாட்டுக் கையேடுகளில் அவை இருப்பதில்லை.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு, உங்கள் நாயிடம் காணும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். எந்த அறிகுறியானாலும் நான் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள். நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நாயால் ஊகிக்க முடிகிறதா? அது "வேண்டாம்" என்று காட்டும்போது நீங்கள் நிறுத்துகிறீர்களா? இந்த இரண்டும் இல்லாத வீட்டில் எத்தனை கோழிக்கறி போட்டாலும் நம்பிக்கை வளர்வதை நான் பார்த்ததில்லை.

எதற்கும் முன்: உடம்பில் வலி இருக்கிறதா?

நேற்றுவரை மடியில் தலை வைத்துப் படுத்த நாய் இன்று தொட்டவுடன் சீறுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். காதுக்குள் சீழ், உடைந்த பல், இடுப்பு மூட்டில் வலி, நகக்கண்ணில் சிக்கிய முள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நம் ஊரில் உண்ணியால் பரவும் எர்லிச்சியா நோய் மிகச் சாதாரணம். நாய் சோர்ந்து மூலையில் படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், ஈறு வெளிறும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். "கோபித்துக்கொண்டிருக்கிறது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே வாரங்களைக் கடத்திவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது. திடீர் மாற்றம் என்றால் மருத்துவர், மெல்ல மெல்ல வந்தது அல்லது முதல் நாளிலிருந்தே இருப்பது என்றால் கீழே படியுங்கள்.

நம்பிக்கை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால் ஆட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயர்த்திய வால் விறைப்பாகச் சிறு வீச்சில் துடித்தால் அது பதற்றம். இடுப்பே சேர்ந்து ஆடும்படி தளர்வாக ஆட்டினால் அது மகிழ்ச்சி. மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் அப்படியே இரண்டு வகை. வாய் திறந்து, உடம்பு குழைந்து கிடந்தால் சொறிந்துவிடலாம். வாய் இறுக மூடி, வால் கவட்டைக்குள் போய், பார்வை வேறு எங்கோ இருந்தால் "என்னை விட்டுவிடு" என்று கெஞ்சுகிறது. அந்த நேரத்தில் கையை வயிற்றில் வைக்கக் கூடாது.

நம்பும் நாயை வேறு இடங்களில் கண்டுகொள்ளலாம். நீங்கள் அருகில் நடமாடும்போதே பக்கவாட்டில் கால்களை நீட்டித் தூங்கும். புதிதாக ஏதாவது கண்டு தயங்கினால் ஓடுவதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்க்கும். வெளியே போனால் மோப்பம் பிடித்துக்கொண்டே இடையிடையே திரும்பி நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளும். எதற்காவது அதிர்ந்தாலும் சீக்கிரம் தேறிவிடும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாகசாவாவின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் இயல்பாக நீண்ட நேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவது தெரிந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே ஹார்மோன். இதைப் படித்துவிட்டு நாயின் கண்ணுக்குள் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். பழகாத நாய்க்கு நேர்ப்பார்வை ஒரு மிரட்டல். பார்வையை அது தொடங்க வேண்டும், நீங்கள் மென்மையாகப் பதில் பார்வை பார்க்கலாம்.

"வேண்டாம்" என்பதை நாய் உறுமலில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே சொல்லிவிடுகிறது. சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தை ஒருபக்கம் திருப்புவது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிவது, நனையாமலே உடம்பை உதறுவது, ஒரு நொடி அசையாமல் உறைந்து நிற்பது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றில் பலவற்றைத் தொகுத்து உலகெங்கும் நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுசேர்த்தார். இவற்றுள் உறைந்து நிற்பதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். கடிபட்டவர்களில் பலர் "சும்மாதான் நின்றுகொண்டிருந்தது" என்று சொல்வது இந்த நொடியைப் பற்றித்தான்.

அறிகுறி: கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, நாம் இருந்தால் சாப்பிடுவதில்லை

வந்து சில நாட்களே ஆகியிருந்தால் இதைச் சிக்கலாகவே எண்ண வேண்டாம். புதிய நாய்க்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதலாவதில் அதிர்ச்சி அடங்கும், இரண்டாவதில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்றாவதில் இது தன் வீடு என்று தோன்றும். எல்லா நாய்க்கும் அப்படியே நடக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் அவசரப்படுபவர்களை அடக்கிவைக்க நல்ல கணக்கு.

இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அந்த வீட்டில் அது தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே இடம் கட்டிலடி. அங்கே ஒரு பழைய போர்வையைப் போடுங்கள், உங்கள் வியர்வை வாசம் உள்ள துணி என்றால் இன்னும் நல்லது. தண்ணீரை எட்டும் தூரத்தில் வையுங்கள். சோற்றை ஒரே நேரத்தில், ஒரே தட்டில், ஒரே இடத்தில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். பிறகு அதே அறையில் தரையில், நாய்க்கு முதுகையோ பக்கத்தையோ காட்டி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கலாம். குரல் பழகட்டும். அவித்த முட்டையோ கோழி ஈரலோ புளியங்கொட்டை அளவுக்குக் கிள்ளி, பார்க்காமலே பக்கத்தில் போட்டுக்கொண்டிருங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, நாய்க்கு நஞ்சு.

குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், மோட்டார் போடும் சத்தம் எல்லாம் தெருநாய்க்குப் புதியவை. குறிப்பாகக் கதவு சாத்தும் ஓசை. தெருவில் எப்போதும் ஓட ஒரு வழி இருந்தது, இங்கே இல்லை. அறைக் கதவுகளை முதல் வாரங்களில் திறந்தே வைத்திருந்தால் பல நாய்கள் தாமாக வெளியே வந்துவிடும்.

"வளர்ந்த நாய் இனிப் பழகாது" என்று யாராவது சொல்வார்கள். புடாபெஸ்டில் மார்ட்டா காச்சி என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் காப்பகத்து நாய்களைச் சோதித்தார்கள். ஒரே ஆள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை பழகிய பிறகு அந்த நாய்கள் அவரிடம் பிணைப்பின் அடையாளங்களைக் காட்டின. 2001-இல் வெளிவந்த முடிவு அது. வளர்ந்த நாய்க்குள் மனிதரைத் தேடும் மனம் அப்படியே இருக்கிறது. குட்டிப் பருவத்தில், சுமார் 3 முதல் 12 வாரத்துக்குள், மனித நெருக்கமே காணாத நாய் என்றால் மட்டும் காலம் கூடுதலாக ஆகும். சில அச்சங்கள் முழுதும் போகாமலும் இருக்கலாம்.

அறிகுறி: கை நீட்டினால் ஒதுங்குகிறது, தலையைத் தொட விடுவதில்லை

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். பதிலும் நீளம்.

முதலில் உங்கள் உடம்பை நாயின் இடத்திலிருந்து பாருங்கள். பயந்த நாயிடம் குனிந்து போ, முட்டிபோட்டு உட்கார் என்று எல்லாக் கையேடும் சொல்லும். நம் ஊர்த் தெருநாய்க்கு மனிதர் குனிவது என்றால் கல் எடுப்பது என்று பொருள். கையில் எதுவும் இல்லாமல் குனிந்தாலே அது பத்தடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நாய் வந்த பிறகு குனியாதீர்கள். அது வருவதற்கு முன்பே முக்காலியிலோ வாசற்படியிலோ உட்கார்ந்திருங்கள். கையை மேலிருந்து கொண்டுபோகாதீர்கள், உச்சந்தலையைத் தொடாதீர்கள். துடைப்பம், ஊன்றுகோல், நீளக் குடை, ஹெல்மெட், உதறும் படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கும் இதே கதை. காதில் சிறு வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடைக்காகப் பிடித்து விடப்பட்ட நாய். வலை வீசிப் பிடித்திருக்கலாம். துணி உதறினால் அது பதறுவது ஏன் என்று அப்போது விளங்கும்.

அடுத்து, தொடுவதை அதன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். செய்முறை எளிது. நாய் தானாக அருகே வந்து முகரட்டும். கை அசையாமல் தொடைமேல் இருக்கட்டும். நகராமல் நின்றால் நெஞ்சின் பக்கமோ தோளிலோ விரல்களால் மூன்று நொடி சொறியுங்கள். கையை எடுத்துவிடுங்கள். இப்போது பாருங்கள். நெருங்கி வந்தால், மூக்கால் கையை முட்டினால், சாய்ந்தால் "இன்னும்" என்று பொருள். அப்படியே நின்றாலும், முகத்தைத் திருப்பினாலும், உதட்டை நக்கினாலும் "போதும்" என்று பொருள். போதும் என்றால் உண்மையிலேயே நிறுத்துங்கள். அன்று அவ்வளவுதான். அசையாமல் பொறுத்துக்கொண்டு நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. "அன்பாகத்தானே தடவுகிறேன்" என்பார்கள். அன்பு இருப்பது உங்களுக்குத் தெரியும், நாய்க்குத் தெரிவது கை மட்டுமே. நிறுத்து என்றால் நிற்கும் கை என்று தெரிந்த பிறகே அது அந்தக் கையைத் தேடி வருகிறது. அப்படித் தேடி வந்துவிட்டால் தொடுகைக்குச் சோற்றைவிட வலிமை அதிகம். கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடமே இதைப் பார்த்தது. அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப உணவு கொடுத்த நாய்களையும், திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்த நாய்களையும் ஒப்பிட்டார்கள். நாளடைவில் தடவிக்கொடுத்தவரிடமே நம்பிக்கை கூடியது. 2017-இல் வெளியான ஆய்வு. நம் தெருக்களில் திரியும் நாய்களைப் போன்றவற்றை வைத்தே செய்யப்பட்டது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றுவிடுபவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள்.

விருந்தாளிகளும் குழந்தைகளும் இந்த விதிக்கு உட்பட்டவர்களே. "கடிக்காது, தொடு தொடு" என்று சொல்லி நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஒரு மாதம் கட்டியதை ஒரு மாலையில் இடித்துவிடும்.

அறிகுறி: கூப்பிட்டால் வருவதில்லை, அல்லது பாதி வழி வந்து நிற்கிறது

கடந்த வாரம் எதற்கெல்லாம் கூப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குளிப்பாட்ட, மருந்து ஊற்ற, சங்கிலியில் கட்ட, செருப்பைக் கடித்ததற்குத் திட்ட, விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குள் அடைக்க. இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் நாய் வராமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். பாதி வழியில் நின்று முகர்ந்து தரையைப் பார்ப்பது எதிர்ப்பு என்று தோன்றும். உண்மையில் உங்கள் குரலில் உள்ள சூட்டைத் தணிக்கப் பார்க்கிறது.

அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு புதிய ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாக்கைச் சொடுக்குவதோ "தோ தோ" என்பதோ போதும். வீட்டுக்குள் நாய் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒலியை எழுப்பி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து. பிறகு மொட்டை மாடியில். வெளியே என்றால் கழுத்துப்பட்டையில் இல்லாமல் மார்பைச் சுற்றும் பட்டையில் நீளக் கயிறு கட்டி. வந்தவுடன் துண்டைக் கொடுத்துவிட்டு, "போ, விளையாடு" என்று திரும்ப அனுப்பிவிடுங்கள். வந்தால் சுதந்திரம் பறிபோகாது என்று பத்தில் ஒன்பது முறை அது பார்க்க வேண்டும். மருந்துக்கும் குளியலுக்கும் கூப்பிடாதீர்கள், நீங்களே எழுந்து போய் அழைத்துவாருங்கள்.

தப்பி ஓடிய நாய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், உங்களுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அடிக்கக் கூடாது. ஓடியதற்கு அடித்ததாக நீங்கள் நினைப்பீர்கள், வந்ததற்கு அடி விழுந்ததாக அது கற்றுக்கொள்ளும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை பார்வையால் இரையைத் துரத்துவதற்காகவே வளர்க்கப்பட்டவை. முயலோ பூனையோ ஓடினால் நம்பிக்கை இருந்தும் ஓடும். அதை உங்கள் மீதான அவமதிப்பாக எடுக்காமல் திறந்த வெளியில் கயிற்றை விடாதிருங்கள்.

அறிகுறி: சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறது

தட்டில் கை விட்டுக் கலைத்துப் "பழக்கும்" வழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. சாப்பிடும்போது தட்டைப் பிடுங்குவார்கள், யார் எஜமானன் என்று தெரிய வேண்டுமாம். தெருவில் பசியோடு போட்டி போட்ட நாய்க்கு இது அதன் பழைய பயத்தை நிரூபித்துக் காட்டுவது. அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே உறுமும்.

உறுமலுக்குத் தண்டனை கொடுக்கவே கூடாது. உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும். அது உறுமாத தூரத்தைக் கண்டுபிடியுங்கள். எட்டடி என்றால் எட்டடி. அந்தத் தூரத்தில் கடந்து போகும்போது தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போங்கள். சில நாட்களில் உங்கள் காலடியைக் கேட்டவுடன் அது தலையை நிமிர்த்தி ஆவலாகப் பார்க்கும். அதன் பிறகே ஓரடி நெருங்கலாம். மெல்லுவதை நிறுத்தி உறைந்தாலோ, திடீரென வேகமாக விழுங்கினாலோ, நெருங்கியது அதிகம், பின்வாங்குங்கள். எலும்பு, பந்து, திருடிய செருப்பு எதுவானாலும் பிடுங்காமல் பண்டமாற்று செய்யுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் நாய்க்குத் தனி மூலையில், கதவுக்கு அப்பால் சோறு. இதில் சமரசம் கிடையாது.

அறிகுறி: ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது, மற்றவர்களைக் கண்டால் நடுங்குகிறது

பெரும்பாலும் அந்த ஒருவர்தான் சோறு போடுபவர், வெளியே அழைத்துப் போகிறவர், குரல் உயர்த்தாதவர். மற்றவர்கள் கொஞ்சுவார்கள், வேலை இருந்தால் துரத்துவார்கள். சோபாவில் ஏறினால் மகன் சிரிப்பார், அப்பா செய்தித்தாளைச் சுருட்டுவார். நாயால் ஊகிக்க முடியாத வீடு அது. குடும்பம் உட்கார்ந்து நாலு விதிகளை முடிவு செய்யுங்கள்: எங்கே ஏறலாம், எங்கே கூடாது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், யாரும் கை ஓங்குவதில்லை. கடுமையான விதியா இளகிய விதியா என்பதைவிட எல்லாருக்கும் ஒரே விதியா என்பதே நாய்க்கு முக்கியம்.

பிறகு ஒட்டிக்கொள்ளும் ஆள் சற்று ஒதுங்க வேண்டும். காலைச் சோற்றைப் பயப்படுத்தும் ஆள் வைக்கட்டும், வைத்துவிட்டு நகரட்டும். நாய்க்கே பயந்த பாட்டி இருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு துண்டு ரொட்டியைத் தள்ளிப் போட்டால் போதும். இரண்டு பேருக்கும் தூரம் வேண்டும் என்பதை இரண்டு பேரும் மதிக்கும் வீடுகளில், சில மாதங்களில் அந்த நாய் பாட்டியின் காலடியில்தான் படுத்திருக்கும்.

அறிகுறி: திட்டினால் "தப்பு செய்துவிட்டேன்" என்ற முகம், சில சமயம் சிறுநீரும் விட்டுவிடுகிறது

காதைப் படுத்து, தலை குனிந்து, ஓரக்கண்ணால் பார்ப்பதைக் குற்ற உணர்வு என்கிறோம். நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட சோதனையில், நாய் தின்பண்டத்தைத் திருடியதா இல்லையா என்பதற்கும் இந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதோடுதான் தொடர்பு. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆகவே அந்த முகத்தைப் பார்த்து "அதற்கே தெரிகிறது பார்" என்று தொடர்ந்து திட்டாதீர்கள். அது உங்கள் கோபத்தைப் பார்த்து அஞ்சுகிறது, செய்கையை நினைத்து வருந்தவில்லை.

சிறுநீர் விடுவதும் பயத்தின் செய்கையே. வாசலில் நுழைந்தவுடன் மேலே சாய்ந்து உரக்கக் கொஞ்சுவதே சில நாய்களுக்கு அதைத் தூண்டும். நுழைந்து, பார்க்காமல் பையை வைத்து, உட்கார்ந்த பிறகு அது வரட்டும். தரையை எதுவும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள்.

அறிகுறி: தனியாக விட்டால் ஊளை, கதவைப் பிறாண்டுகிறது

சலிப்பா பீதியா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். போனை வைத்துப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். நீங்கள் போன சில நிமிடங்களுக்குள்ளேயே எச்சில் ஒழுக, மூச்சு வாங்க, கதவையும் ஜன்னலையும் மட்டும் தாக்கினால் பீதி. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து தலையணையைப் பிரித்தால் சலிப்பு. சலிப்புக்கு நடையும் மெல்லுவதற்கு ஏதாவதும் போதும். பீதிக்கு, கதவை மூடி உடனே திறப்பதில் தொடங்கி, நொடிகளாக, நிமிடங்களாகக் கூட்ட வேண்டும். பதறும் முன்பே திரும்ப வேண்டும். கடுமையாக இருந்தால் மருத்துவர் தரும் மருந்தும் சேர்ந்தால்தான் பயிற்சி ஏறும், அதில் தயக்கம் வேண்டாம்.

அறிகுறி: எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிகிறது, ஆனால் ஏதோ சரியில்லை

யாரும் இதைச் சிக்கல் என்று சொல்லி வருவதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

உட்கார் என்றால் உட்காரும். சத்தமே போடாது. குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் அசையாது. "எவ்வளவு நல்ல நாய்" என்று எல்லாரும் மெச்சுவார்கள். அருகில் போய்ப் பாருங்கள்: விளையாடுவதில்லை, புதிய பொருளைத் தானாக முகர்வதில்லை, நீங்கள் அறைக்குள் வந்தால் தளர்வதற்குப் பதில் இறுகுகிறது, எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் கையைப் பார்க்கிறது. இது "வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட நாய். சங்கிலியில் நாள் முழுக்க வாசலில் கட்டிக்கிடந்த நாய்களிடமும், அடித்துப் பழக்கிய நாய்களிடமும் இதை அதிகம் காணலாம்.

இதன் பின்னால் பெரும்பாலும் "நீதான் கூட்டத்தின் தலைவன் என்று காட்டு" என்ற போதனை இருக்கிறது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஆண்டுக்கணக்கில் ஓநாய்களைக் கவனித்த பிறகு, அவை தாய், தந்தை, பிள்ளைகள் என்று குடும்பமாக வாழ்பவை, தலைமைக்குச் சண்டையிட்டுக்கொள்ளும் கும்பலாக அல்ல என்று 1999-இல் எழுதினார். நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்குவதற்கு இனி அறிவியல் துணை கிடையாது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பயிற்சி பெற்ற நாய்களிடம் பயிற்சியின்போது உதடு நக்கலும் கொட்டாவியும் அதிகம் இருந்தன, பயிற்சிக்குப் பின், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடியிருந்தது.

இந்த நாய்க்குத் தேவை மறுப்பதற்கான வாய்ப்புகள். நடையில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அது தேர்ந்தெடுக்கட்டும். மோப்பம் பிடிக்கக் கயிற்றைத் தளர்த்தி, எவ்வளவு நேரம் ஆனாலும் நில்லுங்கள். பழைய துண்டில் தீனித் துணுக்குகளைச் சுருட்டி வைத்துத் தேடவிடுங்கள். ஒருநாள் "உட்கார்" என்றதற்கு உட்காராமல் உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கும். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். முதன்முறையாகக் குரைக்கும். வீட்டில் "கெட்டுப்போகிறது" என்பார்கள். நான் அன்று மகிழ்வேன். செருப்பைத் திரும்ப வாங்கப் பண்டமாற்று இருக்கவே இருக்கிறது.

அறிகுறி: நன்றாகத்தான் இருந்தது, தீபாவளிக்குப் பிறகு மாறிவிட்டது

நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது சுமார் 45,000 வரை. தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கி வந்தாலும், வெடிச்சத்தம் அதற்குள் அடங்குவதில்லை. பல வீடுகளில் முதல் வெடியின்போது நாய் கயிற்றில் வாசலில் நின்றிருக்கும், பிடித்திருந்தது நீங்களாக இருக்கும். அந்த வாசலும் கயிறும் நீங்களும் ஒன்றாகச் சேர்ந்து பயமாகிவிடுகின்றன.

பயப்படும்போது அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளலாம். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. ஒளிந்துகொண்டால் ஒளியவிடுங்கள். வாசலுக்கு மீண்டும் பழக்க, கயிறு இல்லாமல், வாசலுக்கு உள்ளேயே, அமைதியான விடியற்காலையில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பதற்றம் தணிக்கும் மருந்து பற்றிப் பேசுங்கள். அன்று வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்து, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓட, கூடவே இருங்கள். கழுத்தில் போன் எண் எழுதிய பட்டை கட்டாயம்.

இதற்கு மேல் வீட்டில் முயலக் கூடாத இடம்

தோல் கிழியக் கடித்துவிட்டால் நம்பிக்கை பற்றிய பேச்சை ஒத்திவையுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்பதற்காக நீங்களாகவே ஊசி வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும். மறுபடி மறுபடி கடிக்க வரும் நாய்க்கும், குழந்தையை நோக்கி உறையும் நாய்க்கும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் பயிற்சியாளரின் துணையும் வேண்டும்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைவிட ஒரு கேள்வி உதவும்: "நான் சொன்னதை நாய் செய்யாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" தூரத்தைக் கூட்டுவேன், பயிற்சியை எளிதாக்குவேன், காரணம் தேடுவேன் என்றால் நாயைக் காட்டலாம். முள் பட்டை, மின்சாரப் பட்டை, இழுத்துத் தொங்கவிடுவது என்று பதில் போனாலோ, "பத்து நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், நீங்கள் பார்க்க வரக் கூடாது" என்றாலோ, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு ஆளைத் தேடுங்கள்.